கடலுக்கு ஒரு வேலி

வேலி என்பது எம்மவர்க்குப் புதிய சொல்லன்று. யாழ்ப்பாணத்து மக்கள் வேலியோடு பிறந்து வேலியோடு வளர்ந்தவர்கள். கிளுவையும் பூவரசும் நட்டு, பனையோலை கட்டி, ஆண்டுதோறும் அடைத்துப் பேணும் வேலி அவர்தம் வாழ்வின் ஓர் அங்கம். ஓரடி நிலம் அயலவன் பக்கம் சாய்ந்துவிட்டால் நீதிமன்றத்தின் படியேறவும் தயங்கார். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலும் எல்லையோரத்து மரங்களைப் பற்றிய விதிகள் இடம்பெற்றுள்ளன. இத்துணைக் கருத்தோடு வீட்டு வேலியைக் காக்கும் சமூகம், நாட்டுக்கு இயற்கை இட்ட வேலியொன்று கண்முன்னே அழிந்து வருவதைக் கண்டும் வாளாவிருப்பது வியப்பன்றோ? அவ்வேலியே தாழை. அதனைப் பற்றிச் சில எண்ணங்களை எமது கல்லூரியின் பழைய மாணவர்க்கும், இன்று பயிலும் மாணவர்க்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும் இவ்விழா மலர் வாயிலாக முன்வைக்க விரும்புகின்றோம்.

தாழையைச் சிங்கள மக்கள் 'வெட்டகெய்யா' என்பர். அவர்தம் மொழியில் 'வெட்ட' என்பது வேலியைக் குறிக்கும். கடலோரத்தில் வாழ்ந்த அம்மக்கள் இச்செடி செய்யும் தொழிலையே அதற்குப் பெயராக இட்டுவிட்டனர். தமிழர் தாழை என்றும், கைதை என்றும், வடமொழி வழியாகக் கேதகை என்றும் வழங்கினர். பெயர்கள் பலவாயினும் பொருள் ஒன்றே. கடலும் நிலமும் சந்திக்கும் எல்லையில் நின்று இரண்டையும் பிரித்துக் காக்கும் புதர்மரம் அது.

கொழும்பில் வாழும் நமக்கும் தாழைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். இந்நகரின் இடப்பெயர்களையே அவர்களுக்கு விடையாகக் கூறுவோம். எம்மவர் பெருந்தொகையாக வாழும் வெள்ளவத்தை என்ற பெயரின் பொருள் 'மணல் தோட்டம்' என்பதாகும். மருதானையை அடுத்த மணற்பாங்கான நிலத்திலேதான் ஒல்லாந்தர் 18ஆம் நூற்றாண்டில் கறுவாவைப் பயிரிட்டனர். கறுவாத்தோட்டம் என்ற பெயர் அதன் நினைவாக இன்றும் நிலைத்திருக்கின்றது. மருதானையில் புகையிரதம் ஏறித் தெற்கு நோக்கிச் செல்லும் மாணவன், கோட்டையைக் கடந்ததும் தன் வலப்புறத்தே கடலைக் காண்கின்றான். அக்கடலுக்கும் பாதைக்கும் இடையே எஞ்சியிருக்கும் ஒடுங்கிய மணற்றுண்டே பழைய கொழும்புக் கரையின் கடைசி எச்சம். கல்லணைகளும் குப்பைக் குவியல்களும் அவன் கண்ணிற்படும். தெற்கே செல்லச் செல்ல, ஆங்காங்கே முட்கள் நிறைந்த நீண்ட இலைகளோடும், தரையில் ஊன்றிய விழுதுகளோடும் தாழைப் புதர்கள் தோன்றும். பெரும்பாலோர் அவற்றை நோக்குவதில்லை. நோக்குவோரும் பற்றை என்று ஒதுக்கிவிடுகின்றனர்.

தாழை பற்றையன்று. அதன் அமைப்பைச் சற்றே ஆராய்ந்தால் அதன் அருமை விளங்கும். உப்புக் காற்றும், கொதிக்கும் மணலும், நன்னீர்ப் பஞ்சமும் சூழ்ந்த இடத்தில் வளர்வதற்கு வேண்டிய கருவிகள் யாவும் அதற்கு உண்டு. அதன் இலைகள் தடித்து மெழுகு பூசியன போன்றவை. நீரை எளிதில் இழப்பதில்லை. இலையின் இரு விளிம்பிலும் நடு நரம்பின் அடியிலும் முட்கள் வரிசையாக நின்று கால்நடைகளை விலக்குகின்றன. தண்டிலிருந்து விழுதுகள் இறங்கி மணலைப் பற்றுகின்றன. காற்றினால் மரம் சாயுமாயின் சாய்ந்த பக்கத்திலே புதிய விழுதுகள் ஊன்றுகோலாய் அமைகின்றன. ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. மணத்தாற் புகழ்பெற்ற தாழம்பூ ஆண்மரத்தின் பூங்கொத்தாகும்; வெண்மஞ்சள் மடல்களே அதன் மணத்துக்கு உறைவிடம். பெண்மரமோ அன்னாசியைப் போன்ற தோற்றமுடைய காயைத் தாங்கும். அக்காய் முதிர்ந்து துண்டு துண்டாகப் பிரிந்து கடலில் விழுந்தால், நார் நிறைந்த அத்துண்டுகள் மிதந்து சென்று வேறொரு கரையில் முளைக்கும். தன் குலத்தைக் கடலின் மூலமே பரப்பும் செடி, அக்கடலையே எல்லைக்குள் நிறுத்தவும் துணைபுரிகின்றது.

கொழும்பு வீடுகளில் இறைச்சிக் கறிக்கும் மஞ்சட்சோற்றுக்கும் மணமூட்ட இடும் இரம்பை இலை, தாழையின் நெருங்கிய உறவினம். அடுக்களையில் அந்த இலையைத் தேடும் இல்லத்தரசிகளில் எத்தனைபேர் அதன் மூத்த உறவு கடற்கரையில் கேட்பாரற்று நிற்பதை அறிவர்?

எமது முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். ஐவகை நிலங்களுள் கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் எனப்பட்டன. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்கள் அடுக்கிக் கூறப்படுகின்றன. மலைநாட்டைப் பாடவந்த அப்பாட்டிலும் தாழை, அடும்பு, புன்னை என்னும் கடற்கரைச் செடிகளும் மரங்களும் இடம்பெற்றிருக்கின்றன. நெய்தற் பாடல்களைப் பயிலும் மாணவன் இப்பெயர்களைப் பன்முறை சந்திக்கின்றான். பரீட்சைக்காக அவற்றின் கருப்பொருள் அட்டவணையை மனனம் செய்கின்றான். ஆயின் வெள்ளவத்தைக் கரையில் அவனை நிறுத்தி, "இவற்றுள் அடும்பு யாது? தாழை யாது?" என்று வினவினால் விடை கூற இயலாது திகைப்பான். இது மாணவன் குறையன்று. நூலறிவையும் நிலத்தறிவையும் வேறு வேறு அறைகளில் வைத்துப் பூட்டிய கல்விமுறையின் குறை. தமிழாசிரியர் தாழையைச் சொல்லாகக் கற்பிக்கின்றார். விஞ்ஞான ஆசிரியர் ஒருவித்திலைத் தாவரத்துக்கு வேறோர் உதாரணம் காட்டுகின்றார். இருவரும் ஒரு பிற்பகற்பொழுது மாணவரை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குச் சென்றால் இரு பாடங்களும் ஒன்றாகிவிடும்.

இந்துக் கல்லூரியின் மலராதலின் சமயத் தொடர்பையும் ஈண்டுக் குறிப்பிடுதல் பொருத்தமாகும். அயனும் மாலும் அடிமுடி தேடிய கதையை நாம் யாவரும் அறிவோம். முடியைக் கண்டதாகப் பிரமன் கூறிய பொய்க்குத் தாழம்பூ சாட்சி சொல்லிற்று. அதனாற் சிவபூசைக்கு ஆகாததாயிற்று என்பது புராண வரலாறு. ஆயினும் பாண்டிநாட்டுத் திருவுத்தரகோசமங்கையில் இறைவனுக்குத் தாழம்பூ சாத்தும் வழக்கம் உண்டு. பொய்ச்சாட்சி கூறிய மலரையும் ஓரிடத்திலாவது ஏற்றருளும் பெருமானின் கருணையை வியவாதிருத்தல் இயலாது. இறைவனே மன்னித்து ஏற்ற ஒன்றை, ஒரு குற்றமும் அறியாத அதன் இனம் முழுவதையும், நாம் வெட்டிச் சாய்ப்பது எவ்வாறு பொருந்தும்?

தாழை தனித்து வாழ்வதன்று. கடற்கரை மணலில் ஒழுங்கான குடியமைப்பொன்று உண்டு. அலை எட்டும் எல்லைக்குச் சற்று மேலே முதலில் வருவன இராவணன் மீசை என்னும் புல்லும் அடும்பங்கொடியும். இராவணன் மீசை என்று நாம் கூறும் புல்லைச் சிங்களவர் இராவணன் தாடி என்னும் பொருள்படப் பெயரிட்டழைப்பர். மீசையா தாடியா என்பதில் வேற்றுமை இருப்பினும் முகம் யாருடையது என்பதில் இருசாராரும் ஒருமித்துள்ளனர்! அடும்பின் இலை ஆட்டின் குளம்பு போலப் பிளவுபட்டது. அதன் இலத்தீன் பெயரும் அப்பொருளே தரும். இவ்விரண்டும் படர்ந்து, காற்றாற் பறக்கும் மணலைத் தடுத்துச் சிறு மேடாக்குகின்றன. மேடு உயர்ந்தபின் அதன் பின்னே தாழை வேரூன்றுகின்றது. தாழையின் மறைவிலே புன்னை முதலிய மரங்கள் தலையெடுக்கின்றன. அவற்றின் பின்னரே தென்னையும் மனிதனும். முன்னே நிற்பவற்றை அகற்றிவிட்டால் பின்னே இருப்பவற்றின் மேல் உப்புக் காற்றும் மணலும் நேரே வந்து மோதும். மணல்மேடு மழைநீரை உள்ளே தாங்கிக் கரையோரக் கிணறுகளுக்கு நன்னீர் அளிப்பதும் உண்டு. ஆகவே தாழையைக் காத்தல் என்பது ஒரு செடியைக் காத்தல் மாத்திரமன்று; ஒரு குடியிருப்பையே காத்தலாகும்.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாளை இந்நாட்டார் மறத்தல் அரிது. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இலங்கையில் மாத்திரம் கடல் கொண்டது. அதன்பின் பேராதனைப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானிய ஆய்வாளரும் சேர்ந்து இலங்கையிலும் தாய்லாந்திலும் கரையோர மரஞ்செடிகளை ஆராய்ந்தனர். நெருங்கிய விழுதுகளையுடைய தாழை நீரின் வேகத்தைக் குறைப்பதிற் சிறந்தது என்றும், தாழையும் உயர்ந்த மரங்களும் இரண்டு அடுக்காக நிற்குமிடத்துப் பயன் மிகும் என்றும் அவர்கள் கண்டனர். மற்றுமொன்றையும் அவர்கள் எடுத்துக்காட்டினர். மரவரிசையின் நடுவே பாதைக்காக வெட்டிய இடைவெளி இருப்பின், அதனூடாக நீர் முன்னிலும் விசையோடு பாயும் என்பதே அது. வேலியில் விட்ட பொட்டு வழியேதான் மாடு நுழையும் என்பதை எம்மூர்ச் சிறுவனும் அறிவான். அத்தகைய பேரலையைத் தாழை முற்றாகத் தடுத்துவிடும் என்று நாம் கூறவில்லை; அங்ஙனம் கூறுதல் மக்களை ஏமாற்றுதலாகும். ஓடித் தப்புவதற்குச் சில கணங்களை அது ஈட்டித்தரக்கூடும். ஆண்டுதோறும் வரும் புயலுக்கும் பருவக்காற்றுக்கும் அது நாள்தோறும் காவல் நிற்கின்றது.

இனி, இவ்வேலி எவ்வாறு அழிகின்றது என்று பார்ப்போம். 1895இல் மாத்தறையை எட்டிய கரையோரப் புகையிரதப் பாதை கடலுக்கு மிக அருகே அமைக்கப்பட்டது. பாதையைக் காக்கக் கல்லணை வேண்டியதாயிற்று. கல்லணை, தான் நிற்கும் இடத்தைக் காக்கும். ஆயின் அலையின் விசையை அயலிடத்துக்குத் தள்ளிவிடும். ஆறுகள் கொண்டுவந்து கடலுக்கு ஊட்டிய மணலைக் கட்டிட வேலைக்காக ஆற்றிலேயே அள்ளிவிடுகின்றனர். வரவு குறைந்து செலவு பெருகிய குடும்பம் போலக் கரை நாளடைவில் மெலிகின்றது. 2020ஆம் ஆண்டில் கல்கிசைக் கடற்கரையிற் செயற்கையாக மணல் கொட்டப்பட்டது. அதில் ஒரு பகுதியைச் சில வாரங்களுள் கடல் கொண்டுசென்றமை பத்திரிகைகளிற் பெரிய விவாதத்தைக் கிளப்பிற்று. தென்மேற்குப் பருவத்தில் கடல் மணலை எடுத்துச் செல்வதும் பின்னர் ஓரளவு திருப்பித் தருவதும் இயல்பே. எனினும் திரும்பி வரும் மணலைப் பற்றி வைத்துக்கொள்ள வேர்கள் வேண்டாவா? கைப்பிடி இல்லாத கரையிற் கொட்டும் செல்வம் எத்தனை நாளைக்கு நிற்கும்?

2014க்கும் 2019க்கும் இடையில் துறைமுக நகருக்காக 269 ஹெக்டேயர் நிலம் கடலிலிருந்து உருவாக்கப்பட்டது. புதிய நிலத்தை ஆக்கும் ஆற்றல் இக்காலப் பொறியியலுக்கு உண்டு. பெருந்தொகை கொண்டு புதிய கரை ஆக்கும் நாடு, செலவின்றி வாய்த்த பழைய கரையைப் பேண மறுப்பது முறையன்று. 2021 வைகாசியில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஆனியில் மூழ்கியபோது, பிளாஸ்டிக் மணிகள் கோடிக்கணக்கில் மேற்குக் கரையை மூடின. மணலிற் கலந்த அவற்றைச் சலித்தெடுப்பதற்குத் தொண்டர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். கடற்கரை எத்துணை எளிதிற் கெடும், எத்துணை அரிதிற் சீர்ப்படும் என்பதற்கு அது பாடமாயிற்று.

வடபுலத்து நிலையும் இதனின் வேறன்று. வடமராட்சியில் வல்லிபுரத்தையும் மணற்காட்டையும் அடுத்த மணற்குன்றுகள் நாட்டின் அரிய செல்வங்களுள் ஒன்று. மணற்காட்டிலே பழைய அந்தோனியார் ஆலயம் மணலாற் புதையுண்டு கிடத்தலைக் கண்டோர், காவலற்ற மணல் எவ்வாறு நடக்கும் என்பதை நேரிலே உணர்வர். அம்மணலைக் கட்டுப்படுத்தச் சவுக்கு நட்டனர். சவுக்கு விரைந்து வளரும், விறகும் தரும், காற்றையும் மறிக்கும். அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயின் அதன் சருகு மெத்தையின் கீழ் வேறு செடிகள் எளிதில் முளைப்பதில்லை. அலையெல்லை வரை சவுக்கை நெருக்கி நட்டால் கடலாமைகள் முட்டையிடத் திறந்த மணல் கிடையாது. தமிழகக் கரையிலும் இவ்வனுபவம் உண்டு. முன்னணியில் அடும்பும் தாழையும், பின்னணியில் உயர்ந்த மரமும் என்ற இயற்கையின் ஒழுங்கை மாற்றாது பின்பற்றுதலே அறிவுடைமை.

தாழைக்கு எதிராகக் கூறப்படும் காரணங்களையும் நாம் அறியாமலில்லை. பாம்பு தங்கும் என்பர் ஒருசாரார். புதரிற் பாம்பு தங்குதல் உண்மையே. குப்பை கிடக்க எலி பெருகும், எலி பெருகப் பாம்பு வரும். அகற்ற வேண்டுவது குப்பையையேயன்றிப் புதரையன்று. கடற்காட்சியை மறைக்கும் என்பர் மற்றொரு சாரார். மாடிவீடுகள் பத்தும் பன்னிரண்டும் அடுக்காக உயர்ந்துவிட்ட வெள்ளவத்தையில், பத்தடி உயரப் புதர் காட்சியை மறைக்கும் என்பது பொருந்துமா? கரைக்குச் செல்ல வழி வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. வழியை நேராக வெட்டாது வளைத்து அமைத்தால் மக்களும் செல்லலாம். அலை நேரே நுழைவதும் குறையும். பயனற்ற செடி என்று கூறுவோர் தென்கரைச் சிற்றூர்களுக்குச் சென்று, தாழையோலையைச் சீவி, முள் நீக்கி, பதப்படுத்திப் பாயும் பையும் தொப்பியும் பின்னும் பெண்களைக் காணல் வேண்டும். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலே தாழம்பூவிலிருந்து வாசனைத் தைலம் வடிக்கும் தொழில் பல ஊர்களுக்குச் சோறிடுகின்றது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரையும் தாழ்நீர் எல்லையிலிருந்து கடற்பக்கம் இரண்டு கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வகுத்துள்ளது. அதனை நிறைவேற்றத் திணைக்களமும் உண்டு. எனினும் சட்டம் காகிதத்தில் இருப்பது. தாழை மணலில் இருப்பது. இரண்டையும் இணைப்பவர் அயலில் வாழும் குடிமக்களே. வெட்டுவோரைக் கண்டு வினவும் ஒருவர் இல்லாதவிடத்து எச்சட்டமும் ஊமையாம்.

ஆதலின், விழாக் கொண்டாடும் இவ்வேளையிற் சில யோசனைகளைப் பணிவோடு கூறுகின்றோம். விழாக்களின்போது கல்லூரிகள் நினைவுக்கல் நாட்டுவதும் மண்டபம் எழுப்புவதும் வழக்கம், அவையும் வேண்டுவனவே. அவற்றோடு கடற்கரையின் ஒரு சிறு துண்டை எம் கல்லூரியின் பொறுப்பில் ஏற்கத் திணைக்களத்தாரிடம் முறைப்படி அனுமதி பெறல் வேண்டும். அலை நேரே கல்லில் மோதும் இடத்தில் எச்செடியும் நில்லாது. மணல் இன்னும் எஞ்சியிருக்கும் இடத்தையே தெரிந்தெடுத்தல் தகும். முதல் ஆண்டு குப்பையகற்றி அடும்பைப் படரவிடுக. அதன் பின்னே, விழுது விட்ட தாழைக் கிளைகளை நடுக. அவை எளிதில் வேர்கொள்ளும். நட்டதை விழாப் புகைப்படத்தோடு மறந்துவிடாது, ஒவ்வொரு வகுப்பினரும் முறைவைத்துப் பேணுக.

மாணவருக்கு ஒரு வேலையும் உண்டு. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த ஹென்றி திறைமன், 1893இல் வெளிவரத் தொடங்கிய தமது இலங்கைத் தாவர நூலில், செடிகளின் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் குறித்துச் சென்றார். அயல்நாட்டார் ஒருவர் வண்டியிலும் கால்நடையாகவும் திரிந்து சேர்த்த அப்பெயர்களை இந்நாட்டு மாணவர் அறியாதிருத்தல் அழகன்று. வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரையுள்ள கரையில் இன்று எஞ்சியுள்ள செடிகளைக் கணக்கெடுத்து, தமிழ், சிங்களப் பெயர்களோடு படம் வரைந்து ஒரு சிறு நூலாக்குக. அயற் பாடசாலைச் சிங்கள மாணவரும் இதிற் கலந்துகொள்ளட்டும். அச்சுச் செலவைப் பழைய மாணவர் ஏற்பதில் தடை இராது என்று நம்புகின்றோம். வெளிநாடுகளிற் குடியேறிய பழைய மாணவர்கள் கல்லூரிக்கு வாரி வழங்குகின்றனர்; பிறந்த நாட்டின் கரை நிலைத்திருப்பதற்கும் அவர்தம் கொடையில் ஒரு சிறு பங்கு செல்லுமாயின் அது வீண்போகாது.

நெய்தல் நிலத்துக்குப் புலவர் வகுத்த உரிப்பொருள் இரங்கல். கரையில் நின்று கடலை நோக்கி வருந்தும் தலைவியின் துயரை அவர்கள் பாடினர். அவள் சாய்ந்து நிற்கப் புன்னையும் மறைந்து நிற்கத் தாழையும் அன்று இருந்தன. நாளை எம் பிள்ளைகள் அக்கரையில் நின்று, கரையே இல்லையென்று இரங்கும் நிலை வருதல் ஆகாது. இரங்கல் பாட்டின் அளவில் நிற்பதாக. வேலி கட்டுவதில் வல்லவரெனப் பெயர்பெற்ற நாம், கடலுக்கும் நிலத்துக்கும் இடையேயுள்ள இவ்வேலியையும் அடைத்துப் பேணுவோமாக. எமது கல்லூரி நீடு வாழ்க! அதன் மாணவர் கைபட்ட தாழை எம் கரையில் மணம் பரப்புக!